அரை மாத்திரை

"புருவத்தைத் தூக்குங்க அத்தை" என்று டைரக்டர் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

அவள் தூக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துணியின் ஓரத்தால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குத் தூக்கணும்?"

"மருமக வீட்டை விட்டுப் போறேன்கிறா. நீங்க சும்மா நிக்கறீங்க."

"சும்மா நிக்கல. கேட்டுக்கிட்டு நிக்கறேன்."

"அது கேமராவுல தெரியாது அத்தை."

"உங்களுக்குத் தெரியலைனு சொல்லுங்க. கேமரா மேல ஏன் பழி போடறீங்க?"

லைட் பிடிப்பவர்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். டைரக்டருக்கு முப்பது வயதிருக்கும். தொடருக்கு அவர் நான்காவது டைரக்டர். முதல் மூவரும் இதே இடத்தில் நின்று இதே புருவத்துக்காகக் கெஞ்சிவிட்டுப் போனவர்கள்தான்.

முன்பு உர மூட்டை அடுக்கிவைத்திருந்த கொட்டகை அது. தகரக் கூரை. மழை வலுத்தால் வசனம் காதில் விழாது, வேலை நின்றுவிடும். உள்ளே மூன்று சுவரோடு ஒரு பணக்கார வீடு இருந்தது. மாடிப்படி எட்டுப் படி ஏறி அந்தரத்தில் முடியும். அந்தப் படியில் பதினோரு வருடமாக ஏறி இறங்கி அந்தக் குடும்பத்தை உள்ளிருந்தே அரித்துத் தின்பதுதான் அவள் வேலை. தொடரில் அவள் கதாநாயகனின் அத்தை. அதனால் ஊருக்கே அத்தை. பஸ் கண்டக்டரும் அத்தை என்றார், பாங்கில் கையெழுத்தைச் சரிபார்க்கிற பெண்ணும் அத்தை என்றாள். "பாவம் அத்தை, அந்தப் பொண்ணை விட்டுடுங்களேன்" என்று ஒரு முறை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே மன்றாடினாள். அவளை அத்தை என்று கூப்பிட உரிமையுள்ளவள் உண்மையில் ஒரே ஒருத்தி, அண்ணன் மகள். அவள் கடல் தாண்டிப் போய்விட்டாள். போன் பண்ணுவதே அபூர்வம்.

அத்தைக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வயதில் நடிக்க வந்து, பத்து வருடம் கதாநாயகிக்குப் பின்னால் தட்டு ஏந்தி நின்றாள். அடுத்த ஏழு வருடத்தில் எந்த வேஷமும் ஊர் நினைவில் நிற்கவில்லை. நல்லவர்களை அவ்வளவு பக்கத்தில் நின்று அவ்வளவு காலம் பார்த்ததால் அவர்கள்மேல் அவளுக்கு மரியாதை போய்விட்டது.

"நல்லவளா நடிக்கறதுல என்ன இருக்கு?" என்பாள் மேக்கப்காரரிடம். "மூஞ்சில லைட்டு விழுந்தா பாதி வேலை முடிஞ்சுது. மீதிய பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்காங்க, கண்ணுல விட்டுக்க வேண்டியதுதான்."

மேக்கப்காரர் "ம்" என்பார். இருபது வருடமாக அவர் அதற்கு மேல் சொன்னதில்லை. அதனால்தான் அவரோடு ஒத்துப்போயிற்று.

"கெட்டவங்களா நடிக்கிறவங்க மட்டும் என்னவாம்? பல்லைக் கடிப்பாங்க. கண்ணை உருட்டுவாங்க. நிஜத்துல எவன் அப்படிப் பண்றான்? கெட்டது பண்றவனுக்குத் தான் கெட்டது பண்றோம்னே தெரியாது. ராத்திரி நல்லா தூங்குவான். உன்னைப் பாத்ததும் சாப்பிட்டியானு கேப்பான். நீ ஏன் இளைச்சிருக்கேனு கவலைப்படுவான். அந்தக் கவலையிலதான் இருக்கு அவன் வித்தை பூரா."

அந்த வித்தையை அவள் ஊருக்குக் காட்டிய நாள் நான்கு வருடத்துக்கு முன்னால் வந்தது. தொடர் படுத்துவிடும் நிலையில் இருந்தது. மருமகள் குடிக்கிற பாலில் விஷம் கலந்துவிட்டு அத்தை சிரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். காகிதத்தைப் படித்தாள், எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"விஷம் வேணாம். நல்ல மாத்திரையே போதும்" என்றாள்.

கேமரா ஓடியது. மாத்திரை அட்டையை எடுத்து, மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி நேராக்கினாள். ஒன்றைப் பிதுக்கி எடுத்தாள். இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்துச் சரிபாதியாக உடைத்தாள். ஒரு பாதியைத் துண்டுக் காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்தாள். மறு பாதியை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள்.

"போட்டுக்கோம்மா. உனக்கே தெரியும், நீ இப்ப நீயா இல்ல."

அவ்வளவுதான். கட் சொல்ல மறந்துபோய் டைரக்டர் நின்றார். ஏணியில் இருந்த லைட்காரர் கீழே இறங்கி வந்து, "எங்க வீட்டுப் பொம்பளைங்க இதைப் பாக்க வேணாம்" என்றார். அந்த ஒரு காட்சி தொடருக்கு மேலும் நான்கு வருட ஆயுள் கொடுத்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். "எல்லாம் கவனிக்கிறதுதான்" என்று சொல்லி அனுப்பினாள். யாரை என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் அவர் ஏன் பத்திரிகையில் இருக்கப்போகிறார் என்று மேக்கப்காரரிடம் பிறகு சொன்னாள்.

புருவம் தூக்காத அந்த ஷாட் ஒருவழியாக முடிந்தது. "சரி, மியூசிக்ல பாத்துக்கறேன்" என்றார் டைரக்டர். "பாத்துக்கங்க. ரெண்டு இடி சேத்துப் போடுங்க, பாக்கறவங்க தூங்கிடப் போறாங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தபோது மேக்கப்காரர் போனை நீட்டினார். அண்ணன்.

"வேலையா இருக்கியா பாப்பா?"

"நடுவுல இருக்கேன்."

"இருக்கட்டும். முடிச்சிட்டு வா. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரம் இல்லை என்று அண்ணன் சொன்னால் உடனே புறப்பட வேண்டும் என்று அர்த்தம். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அண்ணன் மருந்துக் கடை வைத்திருந்தார். நாலு தெரு கூடும் முனையில், பச்சைச் சாயமடித்த கதவு. அறுபது வயதாகியும் காலை எட்டு மணிக்குத் தானே கதவைத் திறப்பார். டாக்டரிடம் போவதற்கு முன் அவரிடம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அந்தப் பக்கம் அநேகம். அத்தை போனபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடையில் இருமிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். தங்கை வந்ததைப் பார்த்தும் அண்ணன் அவசரப்படவில்லை. ஸ்டூலைக் கண்ணால் காட்டினார். அந்தப் பெண்ணிடம், "ராத்திரி சரியா தூங்கறதில்லயா? வீட்டுல யாரும் பாத்துக்கறதில்லயா?" என்று மெதுவாகக் கேட்டார். மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி நேராக்கினார். காகித உறையில் போட்டு, வாயை மடித்து, மடிப்பை நகத்தால் நீவிக் கொடுத்தார். அந்தப் பெண் கண் கலங்கிக் கும்பிடாத குறையாகப் போனாள்.

அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வில்லத்தனம் முழுவதும் இந்த மேஜைக்குப் பின்னால் விளைந்ததுதான். கண்ணாடி துடைப்பது, பேச்சுக்கு நடுவே விடும் மூச்சு, உனக்கே தெரியும் என்கிற சொல், எல்லாம் அண்ணனுடையவை. ஆணின் அசைவைப் பெண் உடுப்புக்குள் போட்டுவிட்டதால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியாது. அவர் தொடரைப் பார்த்ததே இல்லை.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"வீட்டுல இல்ல." அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்பது நாளாச்சு."

"என்ன சண்டை?"

"சண்டையா? நம்ம வீட்டுல என்னிக்கு சண்டை நடந்திருக்கு?"

அது உண்மை. முப்பத்தைந்து வருடத்தில் அந்த வீட்டில் ஒரு குரலும் உயர்ந்ததில்லை.

"அவளுக்கு உடம்பு சரியில்ல பாப்பா. ரெண்டு வருஷமா மாத்திரையைத் துப்பியிருக்கா, எனக்குத் தெரியாம. உனக்கே தெரியும், அது இல்லாம அவ அவளா இருக்க மாட்டா. சலவைக் கடை மாடில ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்காளாம். நாலு பேர் என்ன நினைப்பாங்கனு நான் கவலைப்படல. அவ சரியா சாப்பிடறாளானுதான் எனக்குக் கவலை."

அந்த வசனம் எங்கே நிற்கும், எங்கே மூச்சு விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் உதடுகூட லேசாக அசைந்தது.

"நீ போய்ப் பேசு. நீ நல்லா பேசுவே. அதுதானே உன் தொழில்" என்றார். தொழில் என்ற சொல்லை, தரையில் கிடந்த எதையோ இரண்டு விரலால் பொறுக்கி எடுப்பதுபோல் சொன்னார்.

சலவைக் கடைப் பெண்மணி அத்தையைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒதுங்கி வழி விட்டாள். மாடி அறைக்குக் கீழேயிருந்து ஆவி ஏறிக்கொண்டிருந்தது. மரத் தளம் காலுக்குச் சூடாக இருந்தது. ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, இரண்டு கிண்ணம். கட்டிலில் பாதியை அடைத்துச் சட்டைகள் குவிந்து கிடந்தன. அண்ணி ஜன்னல் வெளிச்சத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வா. அப்படி ஓரமா உக்காரு. ஊசி கிடக்கும், பாத்து."

"என்ன அண்ணி இதெல்லாம்?"

"சட்டை. கீழ துவைக்க வர்றதுல பட்டன் போனதெல்லாம் மேல வரும்."

"நான் அதைக் கேக்கல."

"நீ எதைக் கேக்க வந்தேனு எனக்குத் தெரியும். உங்கண்ணன் அனுப்பினாரா?"

"ஆமா."

"உடம்பு சரியில்லனு சொல்லியிருப்பாரே."

"சொன்னார்."

"உனக்கே தெரியும்னும் சொல்லியிருப்பாரே."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியும் சிரித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். ஐம்பத்து நான்கு வயது. முகம் தெளிந்து, ஏதோ வெகுநாள் காய்ச்சலிலிருந்து எழுந்தவள்போல் இருந்தாள்.

"நான் உன் சீரியல் தினம் பாப்பேன், தெரியுமா? அவர் கடையடைச்சு வர்றதுக்குள்ள, சத்தத்தைக் குறைச்சு வெச்சிட்டு."

"நீங்களா? சொன்னதே இல்லயே."

"நல்லா பண்றே. வேற யாரும் கண்டுபிடிக்கல போலிருக்கு, பொம்பள வேஷம்கிறதால. கண்ணாடி துடைக்கிறது, கதவுகிட்ட நின்னு ஒண்ணும் சொல்லாம படுக்கையை மட்டும் பாக்கறது. நான் எழுந்து போய் விரிப்பைத் திருப்பிப் போடுவேன், டிவியைப் பாத்துக்கிட்டே. அப்புறம்தான் அது நீனு ஞாபகம் வரும்."

உண்மையைச் சொல்வதென்றால் அந்த நிமிடத்தில் அத்தைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினோரு வருடத்தில் முதன்முறையாக விஷயம் தெரிந்த ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அவள் கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் பேசும்போது கை அசையாது, கழுத்து மட்டும் அரை அங்குலம் சாயும், அதைப் பிடிக்கவே ஒரு வருடம் ஆயிற்று என்றாள். முதல் டைரக்டர் ஒரு முட்டாள், இரண்டாமவர் முட்டாள் என்று சொல்வதற்குக்கூட லாயக்கில்லை என்றாள். "இவங்கல்லாம் வில்லத்தனத்தை வெளியில தேடறாங்க அண்ணி. மீசையில, புருவத்துல. அது அக்கறைக்குள்ள இருக்குனு ஒருத்தனுக்காவது தெரியுதா? நான் அண்ணனை அப்படியே உரிச்சு எடுத்து வெச்சிருக்கேன்."

அண்ணி நான்கு பட்டன் தைக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த அரை மாத்திரை" என்றாள்.

"அதுதான் எல்லாருக்கும் பிடிச்ச சீன்."

"அதை நீ எப்ப பாத்தே?"

"ஒரு நாள் சாப்பிட வந்திருந்தேன்ல. அஞ்சு வருஷம் இருக்கும். சாப்பிட்டு முடிச்சதும் அண்ணன் குடுத்தார்."

"எனக்கும் ஞாபகம் இருக்கு. நான் வாயைத் திறந்துக்கிட்டே உன்னைப் பாத்தேன். நீ கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டிருந்தே. எனக்கு அன்னிக்குப் பெரிய ஆறுதல். இவ பாத்துட்டா, ஏதாவது சொல்லுவானு நினைச்சேன்."

கீழே இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியில் இறங்கிச் சீறியது.

"உங்களுக்கு நிஜமாவே நரம்புத் தளர்ச்சினுதான் நினைச்சேன் அண்ணி. அண்ணன் சொன்னார். நான் நம்பினேன்."

"நம்பினியா?"

"ஆமா."

"அப்ப டிவியில ஏன் அதைக் கெட்டவ பண்ற மாதிரி பண்ணினே?"

அத்தைக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க, பதில் இல்லாததால் வரவில்லை என்பதல்ல, இருப்பதால்தான் வரவில்லை என்று புரிந்தது.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "பத்து வருஷம் சாப்பிட்டேன் அதை. சாவியை வெச்ச இடம் மறந்துபோகும். அடுப்பை அணைச்சேனா இல்லையானு சந்தேகம் வரும். விருந்தாளிங்க முன்னால அதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அப்புறம் உன்னைப் பாத்தேன் டிவியில. அந்தப் பொண்ணு வாயைத் திறக்கறா, நான் இந்தப் பக்கம் உக்காந்து அடிப்பாவி துப்புடிங்கறேன். சொன்னப்புறம்தான் உறைச்சுது. ரெண்டு வருஷம் யோசிச்சேன். ரெண்டு வருஷம் நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுத் துப்பினேன். சாவி வெச்ச இடத்துலயே இருந்தது."

"அண்ணி..."

"உனக்கு எது வேணும், அதை எடுத்துக்கிட்டுப் போயிட்டே. எத்தனை தட்டு தட்டினார்னு எண்ணி எடுத்துக்கிட்டுப் போனே. என்னை மட்டும் அங்கயே விட்டுட்டுப் போனே. கீழ டிவியில உன்னைப் பாத்து நான் பதறினதும் கடைக்காரம்மா கேட்டா, அவங்க உங்களுக்கு உறவானு. இல்லைனு சொல்லிட்டேன்."

அத்தை எழுந்தாள். போவதற்கு எழுந்தாளா, கால் மரத்துப்போய் எழுந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏதாவது செய்யணும்னு தோணுச்சுன்னா ஒண்ணு செய்" என்றாள் அண்ணி, ஊசியில் நூல் கோத்தபடி. "கல்யாணத்துக்கு முன்னால நான் டீச்சர் டிரெயினிங் முடிச்சவ. அந்த சர்டிஃபிகேட்டெல்லாம் ஒரு பழுப்புக் கவர்ல அவர் பீரோவுல இருக்கு. பக்கத்துத் தெரு குழந்தைகள் காப்பகத்துல ஆள் வேணும்னாங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அசல் காட்டினா வேலை. இல்லைன்னா வேற ஆள் எடுத்துடுவாங்க."

"நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டேன். பத்திரமா இருக்கு, கவலைப்படாதேன்னார்."

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு அத்தை அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அண்ணன் அன்று கடையைச் சீக்கிரமே அடைத்திருந்தார். பஸ்ஸில் வரும்போதே பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் கண்ணைப் பார்ப்பது என்பதுவரை.

"சாப்பிட்டியா?" என்றார் அண்ணன்.

"இல்ல."

"நானும் இல்ல. கடையில வாங்கிச் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போச்சு. பீன்ஸ் வாங்கி வெச்சிருக்கேன். நறுக்கிக்கிட்டே சொல்லு, என்ன சொன்னா?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணி பட்டன் தைப்பதை, அறை எப்படி இருந்தது என்பதை. அண்ணன் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. தோளுக்கு மேலாகப் பலகையைப் பார்த்தார். அத்தை நறுக்கியதையெல்லாம் சேர்த்துவைத்து இன்னும் பொடியாக, ஒரே அளவாக நறுக்கத் தொடங்கினாள். பாதிக்கு மேல் ஆனபிறகுதான் தன் கையில் கத்தி இருப்பதையே கவனித்தாள். எப்போது எடுத்தாள் என்று ஞாபகம் இல்லை. பதின்மூன்று வயதில், அம்மா போன பிறகு, இதே பலகையில் இப்படித்தான் நறுக்கியிருக்கிறாள். அண்ணி வந்ததும் பலகை அண்ணிக்குப் போனது. அத்தை தப்பித்து நடிக்கப் போனாள்.

கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணியோட சர்டிஃபிகேட் வேணும்."

"பத்திரமா இருக்கு."

"அவங்க கேக்கறாங்க."

"அவ கேக்கல பாப்பா. அவ வியாதி கேக்குது."

எவ்வளவு நல்ல வசனம் என்று அவளுக்கு முதலில் தோன்றியது. பதினோரு வருடமாக அந்த எழுத்தாளர் தலைகீழாக நின்றாலும் இப்படி ஒன்று எழுதியதில்லை. மறந்துவிடக் கூடாதே என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை சொல்லவில்லை.

"அண்ணா, ஒரே ஒரு நாள் என் சீரியல் பாரு" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரத்துல வரும்."

"எனக்கு எங்க நேரம்? சரி, நீ சொல்றேனு."

ஏழரைக்கு டிவி முன் உட்கார்ந்தார்கள். மருமகள் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள், அத்தை அவளைப் போக விடாமல் பேசுகிறாள், அன்றைய கதை அதுதான். திரையில் அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். நாற்காலியில் அண்ணனும் கழற்றினார். இருவரும் துடைத்தார்கள். திரையில் அத்தை கழுத்தை அரை அங்குலம் சாய்த்து, "நீ எதுக்கும்மா கஷ்டப்படணும்? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றாள். அண்ணன் தலையசைத்தார். அத்தை மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருந்தாள். தொடரைப் பார்க்கிற இத்தனை பேரில் ஒருவரிடமும் அவள் இப்படி எதிர்பார்த்து நின்றதில்லை. இப்போது தெரிந்துவிடும், இப்போது முகம் மாறும் என்று காத்திருந்தாள்.

விளம்பரம் வந்தது.

"நீயா இது? வயசு அதிகமா காட்டறாங்க" என்றார் அண்ணன். பிறகு, "சரியாத்தானே சொல்றா இந்தம்மா. அந்த வீட்டுல நிதானமா பேசறது இவ ஒருத்திதான். அந்தப் பொண்ணு எதுக்கு அழுது?" என்றார்.

"அவ வில்லி அண்ணா."

"யாரு, இவளா? இவ என்ன தப்பு பண்ணா?"

கெட்டது செய்பவனுக்கு அது தெரியாது என்று மேக்கப் அறையில் எத்தனையோ தடவை சொன்னவள் அவள்தான். சொன்னது சரி என்பதற்கு இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டாம். அதில் அவளுக்குத் துளிச் சந்தோஷமும் இல்லை. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் காட்டியதை, பார்க்க வேண்டிய ஆள் பார்த்துவிட்டு நல்லாருக்கு என்றுவிட்டார்.

எழுந்தாள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டையின் பையில்தான் பீரோச் சாவி இருக்கும். எடுத்தாள்.

"பாப்பா. கீழ வை."

அதே குரல். உயரவில்லை. அவள் கை தானாக நின்றது. பதின்மூன்று வயதிலிருந்து அந்தக் குரலுக்கு நின்று பழகிய கை. டிவியில் யாரோ சோப்பைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கையைப் பார்த்தாள். பிறகு சாவியைப் பீரோவில் நுழைத்தாள்.

"நான் எழுந்து வரணுமா?"

அவர் எழுந்து வரவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அந்த வீட்டில் அவர் எதற்கும் எழுந்து வர வேண்டியிருந்ததில்லை. எழுந்து வந்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது என்பதை அத்தை அப்போதுதான் கண்டுகொண்டாள். இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்தவள் இதை மட்டும் எப்படித் தவறவிட்டோம் என்றிருந்தது. மேல்தட்டில் துவாலைக்கு அடியில் பழுப்புக் கவர் இருந்தது.

"உனக்கும் ஆரம்பிச்சிடுச்சு போல" என்றார் அண்ணன் வருத்தமாக. "அம்மாவுக்கும் இந்த வயசுலதான் வந்தது. நாளைக்குக் கடைக்கு வா, ஒண்ணு தர்றேன்."

அவள் எவ்வளவோ வசனம் யோசித்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"பீன்ஸ் பாதி கிடக்கு. மீதிய நீ நறுக்கிக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கவர் மழையில் நனையாமல் உடுப்புக்குள் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை ஓடினாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு அண்ணியின் அறையில் கவரை நீட்டினாள். அண்ணி குளித்துத் தலைவாரித் தயாராக இருந்தாள். கவரைப் பிரித்து ஒவ்வொரு காகிதமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் பத்தொன்பது வயது அண்ணியின் போட்டோ ஒட்டியிருந்தது. அதை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை.

"என்ன சொன்னார்?"

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். கழுத்து தானாகச் சாய்ந்தது. "அவ கேக்கல பாப்பா..." என்று ஆரம்பித்தாள். அச்சு அசலாக அந்தக் குரல் அறைக்குள் வந்தது.

அண்ணியின் தோள் குறுகியது. "வேண்டாம்" என்றாள். "அவரை இங்க கூட்டிட்டு வராதே. நடந்ததை நீ சொல்லு."

'நீ' என்றால் தன்னுடையது எந்தக் குரல் என்று அத்தைக்குச் சட்டென்று பிடிபடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். சீரியல் பார்த்ததைச் சொன்னாள், சாவி எடுத்ததைச் சொன்னாள், சொல்ல விட்டுப்போனதைத் திரும்பிப் போய்ச் சொன்னாள். குரல் கம்மி, மெலிந்து, கேட்கவே நன்றாயில்லை. எந்த டைரக்டரும் அதற்கு ஓகே சொல்லியிருக்க மாட்டார்.

"முதல்ல பீன்ஸ் நறுக்கச் சொன்னார் அண்ணி. நான் நறுக்கிட்டேன். பின்னால வந்து நின்னார். ஒண்ணும் சொல்லல. நான் எல்லாத்தையும் திரும்பச் சின்னதா நறுக்கினேன்."

அண்ணி காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"முழுசுமா?"

"பாதி. பாதியில வெச்சிட்டேன்."

அண்ணி காகிதங்களைக் கவரில் போட்டு, கவரைப் பையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அதுவரைக்கும் சரி" என்றாள்.

மணி ஏழே முக்கால் ஆகியிருந்தது. அண்ணி குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.